லிபர்ட்டி தாக்குதல்: நோக்கத்தைத் தேடுமுன் பார்க்கவேண்டியவை

அன்புள்ள ஐயா,

சொந்தத் தரப்பையே தாக்கிவிடும் போர்ப்பிழைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 1967 ஜூன் 8 அன்று, அரபு நாடுகளோடு நடந்த ஆறுநாள் போரின் நடுவே இஸ்ரேல் தாக்கிய அமெரிக்கக் கப்பல் லிபர்ட்டியையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது.

வெட்டவெளிப் பகல். சர்வதேசக் கடல். கம்பத்தில் அமெரிக்கக் கொடி. காலையிலிருந்து இஸ்ரேலிய விமானங்கள் பலமுறை மேலே வட்டமிட்டுப் போயிருக்கின்றன. பிறகு ஜெட் விமானங்கள் வந்து சுட்டு, நேபாம் என்னும் தீக்குண்டு போட்டு, அதற்கும் பிறகு டார்பிடோ படகுகள் வந்து அடித்திருக்கின்றன. 34 பேர் செத்தார்கள், 171 பேர் காயப்பட்டார்கள். இவ்வளவையும் குதிரை ஏற்றும் ஒரு பழைய எகிப்தியக் கப்பல் என்று நினைத்துச் செய்தோம் என்றால் யார் நம்புவார்கள்? அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க்கே கடைசிவரை நம்பவில்லையே? விசாரணையை ஒரு வாரத்தில் முடித்து மூடியது ஏன்?

நோக்கம் என்ன என்பதற்கு மூன்று விளக்கங்கள் படித்தேன். சிரியாவின் கோலான் மேட்டின் மீது படையெடுக்கப் போவதை அமெரிக்கா ஒட்டுக்கேட்டுவிடக் கூடாது என்பது ஒன்று. சினாய்க் கடலோர ஊரான எல் அரிஷில் எகிப்தியக் கைதிகள் கொல்லப்பட்டதை மறைக்க என்பது இன்னொன்று. பழியை எகிப்தின் மேல் போட்டு அமெரிக்காவைப் போருக்குள் இழுக்க என்பது மூன்றாவது. மூன்றில் எது சரி என்று நினைக்கிறீர்கள்? அல்லது நீங்கள் இன்னும் 'தவறுதல்' கட்சிதானா?

கே. எஸ்., கோவை

அன்புள்ள கே. எஸ்.,

மூன்றும் சரியில்லை என்று நினைக்கிறேன். ஆனால் 'தவறுதல்' கட்சியிலும் நிம்மதியாக உட்காரமுடியாது. உங்கள் கடிதத்தின் பாதிக் கேள்விகளுக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்லமுடியும். ஒரு கேள்விக்கு முடியாது. அது நீங்கள் அழுத்திச் சொன்ன கொடி அல்ல, கடைசி இருபது நிமிடம்.

முதலில் ஒரு பிரிவினை. இந்த விவாதத்தில் 'இஸ்ரேலுக்குத் தெரியும்' என்ற வாக்கியம் மூன்று வெவ்வேறு ஆட்களைப் பற்றியதாக ஒரே மூச்சில் மாறிமாறி வருகிறது. விமானத்தில் இருந்தவனுக்குத் தெரியுமா? கரையில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவனுக்குத் தெரியுமா? அமைச்சரவைக்குத் தெரியுமா? கோலான் விளக்கம் உண்மையாக இருக்கவேண்டுமானால் மூன்றாமவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் அதற்குச் சான்றாகக் காட்டப்படுவதெல்லாம் முதலாமவன் எதைப் பார்த்திருக்கவேண்டும் என்பது. பார்த்தவனுக்கும் உத்தரவிட்டவனுக்கும் நடுவில் எத்தனை தொலைபேசி, எத்தனை பணிமாற்றம் இருந்தன என்று பார்த்தால்தான் அன்று நடந்தது பிடிபடும்.

லிபர்ட்டி 1945-ல் கட்டிய சரக்குக் கப்பல். பிறகு அமெரிக்கக் கடற்படை அதை வாங்கி 'தொழில்நுட்ப ஆய்வுக் கப்பல்' என்று பெயரிட்டு ஒட்டுக்கேட்கும் வேலைக்கு மாற்றியது. 139 மீட்டர் நீளம். பாதுகாப்புக்கு நான்கே இயந்திரத் துப்பாக்கிகள். மேல்தளம் முழுக்க ஆன்டெனாக்கள். நிலாவில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை வழியாகச் செய்தி அனுப்பும் ஒரு பெரிய வட்டுகூட இருந்தது. மாலுமிகளோடு, அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையின் மூன்று சிவிலியன் ஊழியர்களும் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் இறந்தார். எகிப்துக் கரைக்கு 12.5 கடல் மைல் வரை நெருங்கலாம் என்பது கப்பலுக்கு முதலில் கொடுத்த எல்லை. போர் தொடங்கியபின் வாஷிங்டன் பயந்து, கரையிலிருந்து 100 கடல் மைல் தள்ளிப் போ என்று உத்தரவிட்டது. அந்தச் செய்தி கப்பலுக்குப் போய்ச் சேரவேயில்லை. தவறான இடத்துக்கு அனுப்பப்பட்டு, ஒரு பிரதி பிலிப்பைன்ஸ் வரை சுற்றியது. இந்த ஒரு தபால் பிழை இல்லாவிட்டால் நாம் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

கரையில் நடந்ததைப் பார்ப்போம். காலை 6 மணி வாக்கில் இஸ்ரேலியக் கண்காணிப்பு விமானம் ஒன்று கப்பலைப் பார்த்து அறிக்கை கொடுத்தது. ஹைஃபாவில் இருந்த கடற்படைத் தலைமையகத்தில் அது அமெரிக்கக் கப்பல் என்று அடையாளம் கண்டு, வரைபட மேசையில் நடுநிலைக் கப்பலுக்கான குறியை வைத்தார்கள். ஆக, இஸ்ரேலுக்குத் தெரியும் என்பது உண்மை. காலை 6 மணிக்கு, ஹைஃபாவில், மேசைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். 11 மணிக்குப் பணி மாறியபோது, ஐந்து மணி நேரப் பழைய தகவல் என்று அந்தக் குறியை எடுத்துவிட்டார்கள். அடுத்து வந்தவருக்கு அங்கே அப்படி ஒரு கப்பல் இருந்ததே தெரியாது. மேசையைச் சுத்தமாக வைப்பது நல்ல பழக்கம்தான். எடுத்த குறியைப் பற்றி அடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லாததுதான் கோளாறு.

11.24-க்கு எல் அரிஷிலிருந்து, கடலிலிருந்து குண்டு விழுகிறது என்று தகவல் வந்தது. வெடித்தது பெரும்பாலும் கரையிலிருந்த வெடிமருந்துக் கிடங்கு. ஆனால் அடிவானத்தில் ஒரு கப்பல் தெரிந்தது, கரையில் வெடித்தது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நண்பகல் தாண்டி 5 நிமிடத்தில் இஸ்ரேலியத் துறைமுகம் அஷ்தோதிலிருந்து மூன்று டார்பிடோ படகுகள் கிளம்பின.

1.41-க்குப் படகின் ரேடாரில் 22 கடல் மைல் தொலைவில் கப்பல் தெரிந்தது. வேகம் 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) என்று கணக்கிட்டார்கள். தலைமையகம் மறுபடி பார்க்கச் சொன்னது. 28 என்று பதில் வந்தது. லிபர்ட்டியின் உண்மையான வேகம் 5 நாட். போர்ப் பகுதியில் 20 நாட்டுக்கு மேல் ஓடும் கப்பலை எதிரியாகக் கருதலாம் என்பது இஸ்ரேலியக் கடற்படையின் நிலையாணை. ஆக, கப்பலின் தலையெழுத்தை நிர்ணயித்தது இந்த எண். கொடியைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதப்படவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 நாட் கப்பல் 6 நிமிடத்தில் அரைக் கடல் மைல் நகரும். 30 நாட் கப்பல் 3 கடல் மைல் நகரும். 6 நிமிட இடைவெளியில் இரண்டு புள்ளி குறித்திருந்தால், இரண்டரை மைல் பிழை வந்தால்தான் 5 என்பது 30 ஆகும். 22 மைல் தொலைவில் திசைக்கோணம் 1 பாகை பிசகினால் இடம் சுமார் 0.4 மைல் தள்ளிப்போகும். எனவே 6 முதல் 7 பாகை பிசகவேண்டும். சின்னப் படகு முழு வேகத்தில் அலைமேல் குதித்துக்கொண்டு ஓடும்போது அதன் மூக்கு இடமும் வலமும் ஆடும். ரேடார் திரையில் கோணத்தைப் படித்த கணமும் திசைகாட்டியைப் படித்த கணமும் வேறுவேறு என்றால், ஒரு முறை 6 பாகை பிசகுவது அதிசயமல்ல. இதுவரை மன்னிக்கலாம்.

மன்னிக்கமுடியாதது மறுபரிசோதனை. முதல் புள்ளி மட்டும் பிசகியிருந்தால், இன்னும் 6 நிமிடம் விட்டுக் கணக்கிடும்போது அதே இரண்டரை மைல் பிழை 12 நிமிடத்துக்குப் பரவி, வேகம் 17 அல்லது 18 நாட் என்று இறங்கியிருக்கும். அதாவது 20-க்குக் கீழே, சுடக்கூடாத பக்கத்துக்கு வந்திருக்கும். 28 என்று வந்ததற்கு அர்த்தம், ஒன்று புதிதாகப் புள்ளியே குறிக்கவில்லை, அல்லது தங்கள் படகு எங்கே இருக்கிறது என்பதையே தொடர்ந்து தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கண்டுபிடிக்க இன்னும் எளிய வழி இருந்தது. படகுகள் 36 நாட்டில் ஓடின என்று வையுங்கள். எதிரே தப்பி ஓடுவது 28 நாட் கப்பல் என்றால் இடைவெளி மணிக்கு 8 மைல்தான் குறையும். 22 மைலைக் கடக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். 5 நாட் கப்பல் என்றால் 43 நிமிடம். படகுகள் கப்பலை நெருங்கியது 2.25 வாக்கில், அதாவது முக்கால் மணி நேரத்துக்குள். ரேடார் திரையில் தூரம் மளமளவென்று குறைவதைப் பார்த்த எவனுக்கும், இது ஓடும் போர்க்கப்பல் இல்லை என்று தெரிந்திருக்கவேண்டும். ஆனால் 28 நாட் கப்பலைப் பிடிக்கமுடியாது என்று சொல்லித்தான் விமானப்படையைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டபின் யாரும் எண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை.

2 மணி வாக்கில் முதலில் வந்தவை இரண்டு மிராஜ் விமானங்கள். அவற்றின் 30 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகள் மேல்தளத்தைச் சல்லடையாக்கின. பிறகு இரண்டு மிஸ்தேர் விமானங்கள் நேபாமோடு வந்தன. பின்னால் எண்ணியபோது கப்பலில் 821 ஓட்டைகள். கொடி தெரியாமலா போகும் என்கிறீர்கள். கம்பத்தில் இருந்தது 5 அடிக்கு 8 அடிக் கொடி. 2 கிலோமீட்டர் தொலைவில் 2.4 மீட்டர் அகலத் துணி, முழுதாக விரிந்திருந்தாலும், கண்ணுக்குச் சுமார் 4 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) அகலம்தான் தெரியும். நல்ல பார்வைக்குப் பிரித்தறியும் எல்லை 1 கலை. அங்கே ஏதோ துணி இருக்கிறது என்று தெரியும், கோடுகளும் நட்சத்திரங்களும் தெரியாது. தாக்கும் வேகத்தில் அந்த 2 கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 9 விநாடி. மெல்லிய காற்றும் மெதுவான ஓட்டமும் கொடியை அடையாளம் காண்பதைக் கடினமாக்கியிருக்கலாம் என்று அமெரிக்க விசாரணை மன்றமே எழுதியது. கொடி நன்றாகப் பறந்தது என்று உயிர்பிழைத்தவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். கீழே நின்று நிமிர்ந்து பார்ப்பவனுக்கு அது நன்றாகத்தான் பறந்திருக்கும். முதல் கொடி குண்டடியில் விழுந்ததும் 7 அடிக்கு 13 அடி விழாக்காலக் கொடியை ஏற்றினார்கள், அப்போது கப்பலைச் சுற்றி ஒரே புகை.

விமானிகள் கப்பலின் நீளவாக்கில், முன்முனையிலிருந்து பின்முனை நோக்கிச் சுட்டுக்கொண்டு போனார்கள். அதிகக் குண்டு பட அதுதான் வழி. ஆனால் அந்தக் கோணத்தில் கப்பலின் பக்கவாட்டு எழுத்து தெரியாது. மேலே இருந்த விமானி கடைசியில் பக்கத்திலிருந்து பார்த்து, எழுத்தும் 5 என்ற எண்ணும் இருப்பதாகச் சொன்னதும் (ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்தார்) கட்டுப்பாட்டு அறை விழித்துக்கொண்டது. எகிப்தியக் கப்பல் என்றால் அரபியில் அல்லவா எழுதியிருக்கும்? 2.14 வாக்கில் விமானத் தாக்குதல் நின்றது. தாக்குதலுக்குச் சில நிமிடம் முன்பே, ஆயுதப் பிரிவு அதிகாரி ஒருவர், அது அமெரிக்கர்களாக இருக்குமோ என்று கேட்டதும் இஸ்ரேலிய விமானப்படையின் ஒலிப்பதிவில் இருக்கிறது. 'பார், தெரிந்தேதான் செய்தார்கள்' என்பவர்கள் இந்த வாக்கியத்தைக் காட்டுவார்கள். நான் இதை நேரெதிராகப் படிக்கிறேன். மேலிடத்திலிருந்து வந்த ரகசிய உத்தரவு என்றால், பலர் கேட்கும் அலைவரிசையில் ஒருவர் இப்படிச் சந்தேகம் கேட்கமாட்டார். சந்தேகம் எழுந்தும் நிறுத்தாமல் போனார்களே என்பது குற்றம்தான். ஆனால் அது சதியல்ல, அலட்சியம்.

கொண்டுவந்த ஆயுதங்களும் அதையே சொல்கின்றன. பத்தாயிரம் டன் அளவுள்ள கப்பலை மூழ்கடிக்கத் திட்டமிட்டவன் கனத்த இரும்புக் குண்டுகளை மாட்டிக்கொண்டு வருவான். மிராஜ்களில் இருந்தது வான்சண்டைக்கான பீரங்கி. மிஸ்தேர்களில் இருந்தது தரைப்படைமேல் போடும் நேபாம், கப்பலை மூழ்கடிக்க அது உதவாது. வேறு வேலைக்குப் பறந்துகொண்டிருந்த விமானங்களை வழியில் திருப்பிவிட்டதன் அடையாளம் இது.

'தேர்ந்த விமானி இப்படித் தவறமாட்டான்' என்ற நம்பிக்கைக்கு மறுப்பாக இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 1941 மே 26 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கைத் தேடிப் போன பிரிட்டிஷ் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள், தங்கள் சொந்தக் கப்பல் ஷெஃபீல்டின்மேல் 11 டார்பிடோக்களைப் போட்டன. விமானந்தாங்கிக் கப்பல் ஆர்க் ராயலிலிருந்து கிளம்பிய அந்த விமானிகளுக்கு ஷெஃபீல்டு கூடவே பயணம் செய்த, நன்றாகத் தெரிந்த கப்பல். அதற்கு இரண்டு புகைபோக்கி, பிஸ்மார்க்குக்கு ஒன்று. எடையில் பிஸ்மார்க் நான்கு மடங்குக்கும் மேல். ஷெஃபீல்டு முன்னால் போயிருக்கிறது என்ற செய்தியை நேரத்துக்குச் சங்கேதம் பிரித்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான். காந்த வெடிமுனைகள் கோளாறாகிப் பல டார்பிடோக்கள் தண்ணீரில் விழுந்ததுமே வெடித்ததாலும், மற்றவற்றுக்கு விலகிக்கொண்டதாலும் ஷெஃபீல்டு பிழைத்தது. (அந்தக் கோளாறைக் கண்டு வெடிமுனையை மாற்றிக்கொண்டு போன அடுத்த அலைதான் பிஸ்மார்க்கின் சுக்கானை உடைத்தது.)

இரண்டாவது, 1944 ஆகஸ்ட் 27, பிரான்ஸின் லெ ஹாவ்ர் கடலோரம். பிரிட்டிஷ் டைஃபூன் விமானங்கள் கடற்கண்ணிகளை அகற்றும் பிரிட்டிஷ் கண்ணிவாரிக் கப்பல்களைத் தாக்கின. பிரிட்டோமார்ட், ஹுஸ்ஸார் இரண்டும் மூழ்கின. 117 பேர் செத்தார்கள். நண்பகல் கழிந்த நல்ல வெளிச்சம், கம்பத்தில் 'வொய்ட் என்சைன்' என்னும் பிரிட்டிஷ் கடற்படைக் கொடி. விமானப் பிரிவின் தலைவர் கீழே பார்த்துவிட்டு, இவை நம்முடைய கப்பல்கள் மாதிரி இருக்கின்றனவே என்று ஒருமுறைக்கு மேல் கேட்டார். தாக்கு என்றே பதில் வந்தது. கண்ணிவாரிகளின் வேலைப்பகுதி மாறியது பற்றிய செய்தி, தெரியவேண்டிய கடற்படை அலுவலகத்துக்குப் போகவில்லை. ஆவணங்களைப் பல பத்தாண்டு பூட்டிவைத்தார்கள். ஆனால் பிரிட்டன் தன் கப்பல்களைத் தானே மூழ்கடிக்க என்ன நோக்கம் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அங்கே சந்தேகப்பட இன்னொரு நாடு இல்லை. லிபர்ட்டியில் இன்னொரு நாடு இருந்தது. அதனால் அதேவகைச் சங்கிலிப்பிழை உடனே நோக்கமாகத் தெரிகிறது.

உங்கள் மூன்று விளக்கங்களுக்கு வருகிறேன்.

கோலான் விளக்கம் காலக்கணக்கிலேயே விழுகிறது. ஜூன் 8 அன்று சிரியாவைத் தாக்கக்கூடாது என்று தடுத்துக்கொண்டிருந்தவர் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான். மறுநாள் விடிகாலையில் அவரே மனம் மாறி, தலைமைத் தளபதியைக்கூடக் கேட்காமல் வடக்குத் தளபதிக்கு உத்தரவு கொடுத்தார். முந்தைய நாள் பிற்பகல் எடுக்காத முடிவை மறைக்க யாரும் கப்பலைத் தாக்கமாட்டார்கள். தொலைவும் ஒத்துவரவில்லை. கப்பலிலிருந்து கோலான் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். படைப்பிரிவுகள் தங்களுக்குள் பேசும் மிகை உயர் அலைவரிசை (VHF) அடிவானத்தைத் தாண்டி அதிகம் போகாது. 30 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு ரேடியோ அடிவானம் 23 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எதிர்முனை மலைமேல் இருந்தாலும் இந்தத் தூரத்தை எட்டுவது கடினம். 5,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கோ அது 290 கிலோமீட்டர். அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு விமானம் அன்று அந்தப் பகுதியில் பறந்துகொண்டுதான் இருந்தது. காதை அடைக்க நினைத்தவன் விமானத்தை விட்டுவிட்டுக் கப்பலையா அடைப்பான்?

எல் அரிஷ் விளக்கத்துக்குப் பின்னால் இருக்கும் குற்றச்சாட்டைத் தனியாகப் பார்க்கவேண்டும். 1967-ல் கைதிகள் கொல்லப்பட்டது பற்றி 1990-களில் இஸ்ரேலிலேயே பேச்சு எழுந்தது. அது முறையாக விசாரிக்கவேண்டிய விஷயம். ஆனால் கப்பலோடு அதைக் கட்டமுடியாது. லிபர்ட்டியிலிருந்து எல் அரிஷில் தெரிந்தது மசூதியின் மினாரா. இடம் குறிக்க அதைத்தான் பயன்படுத்தினார்கள். தாக்குதல் நேரத்தில், அமெரிக்கக் கணக்குப்படி, கப்பல் 25 கடல் மைலுக்கு மேல் தள்ளி இருந்தது. மணலில் நடப்பது அங்கிருந்து தெரியாது. சுடுகிறவன் அதை வானொலியில் அறிவித்துக்கொண்டும் சுடமாட்டான்.

மூன்றாவது எனக்கு மிகவும் பலவீனமாகப் படுகிறது. ஜூன் 8-க்குள் இஸ்ரேல் போரை வென்றுவிட்டது. படை சூயஸ் கால்வாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்றிரவே எகிப்து போர்நிறுத்தத்தை ஏற்றது. வென்ற போருக்கு யாரை இழுப்பது? விமானங்களில் அடையாளம் இல்லை என்று சில மாலுமிகள் சொல்வதை அப்படியே ஏற்றாலும், டார்பிடோ படகுகள் இஸ்ரேலியக் கொடியோடு வந்தன. மிராஜ் எகிப்திடம் கிடையாது. தாக்குதல் முடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் டெல் அவிவில் அமெரிக்கக் கடற்படை அதிகாரியைக் கூப்பிட்டு, நாங்கள்தான் தாக்கிவிட்டோம் என்று அவர்களே சொன்னார்கள். பழியை இன்னொருவன்மேல் போட வந்தவன் செய்யும் வேலையல்ல இது.

இனி, என்னிடம் பதில் இல்லாத இடம்.

2.14-க்கு விமானத் தாக்குதல் நின்றது. டார்பிடோ கப்பலின் வலப்பக்கத்தைத் துளைத்தது 2.35 வாக்கில். நடுவில் இருபது நிமிடம். இறந்த 34 பேரில் 25 பேர் அந்த ஒரு டார்பிடோவில் இறந்தவர்கள். அது போய் இடித்தது கீழ்த்தளத்தின் சங்கேத அறைகளை. சுமார் 12 மீட்டர் அகல ஓட்டை. 2.20-க்குக் கடற்படைத் தலைமையகம் படகுகளுக்குச் செய்தி அனுப்பியது: தாக்காதே, விமானங்கள் சரியாக அடையாளம் காணாமல் இருக்கலாம். இது இஸ்ரேலே ஒப்புக்கொள்ளும் தகவல். படகுப் பிரிவின் துணைத் தளபதி, செய்தி வந்தது, தளபதியிடம் சொன்னேன் என்றார். படகுப் பிரிவின் தளபதி, எனக்கு வரவில்லை என்றார். படகு அளவில் நடந்த விசாரணையெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நின்றுவிட்டது.

தளபதியின் தரப்பையும் சொல்லவேண்டும். யார் நீ என்று விளக்குச் சமிக்ஞையில் கேட்டதற்கு, முதலில் நீ யார் என்று சொல் என்ற பொருளில் பதில் வந்தது என்றார் அவர். 1956-ல் பிடிபட்ட எகிப்திய நாசகாரிக் கப்பல் இப்ராஹிம் எல் அவாலும் இப்படித்தான் பதில் சொன்னதாம். லிபர்ட்டியின் தளபதி மகோனகல் சொன்னது வேறு: புகையில் படகுகளின் சமிக்ஞையைச் சரியாகப் படிக்கவே முடியவில்லை. கப்பலின் ஓர் இயந்திரத் துப்பாக்கி படகுகளை நோக்கிச் சுட்டது, அது மகோனகல் சாட்சியத்திலேயே இருக்கிறது. தாக்கப்பட்டவன் சுடுவதில் என்ன ஆச்சரியம்? ஆனால் படகில் இருந்தவர்களுக்கு அது எதிரி என்பதற்கான கடைசி உறுதி. புகைக்குள் நின்ற உருவத்தைக் கப்பல் படப்புத்தகத்தோடு ஒப்பிட்டு, 'எல் குசேர்' என்று முடிவு செய்தார்கள். எல் குசேர் 84 மீட்டர், 2,640 டன். எதிரே நின்றது 139 மீட்டர். நடுவில் கட்டடம், ஒரு புகைபோக்கி என்ற பொது அமைப்பு மட்டும் ஒத்துப்போகும். அந்தக் குதிரைக் கப்பலால் 28 நாட் ஓடமுடியாது என்பதும், அதில் எல் அரிஷைத் தாக்கும் பீரங்கி கிடையாது என்பதும் அந்தப் படகில் யாருக்கும் தோன்றவில்லை. தங்கள் கணக்கைத் தங்கள் முடிவே மறுப்பதைக்கூடக் கவனிக்காமல் ஐந்து டார்பிடோக்களை விட்டார்கள்.

இதை நான் 'மன்னிக்கத்தக்க தவறு' என்று எழுதமாட்டேன். கொலைவெறியா, குழப்பமா, கேட்ட உத்தரவைக் கேளாததுபோல் இருந்துவிட்டார்களா என்பது திறந்த கேள்வி. விமானங்கள் அடித்துப் பெயர் வாங்கிக்கொண்டிருக்கக் கடற்படை வெறுங்கையோடு திரும்புவதா என்ற போட்டியும் இருந்திருக்கலாம். அது ஊகம். ஆனால் அமைச்சரவைச் சதியைவிட அருகில் இருக்கும் ஊகம். உயிர்ப்படகுகளைச் சுட்டார்கள் என்று பிழைத்தவர்கள் சொல்வதும், இஸ்ரேல் மறுப்பதும் இந்த இருபது நிமிடத்தைச் சேர்ந்ததே. இஸ்ரேலிய நீதிபதி யெருஷல்மி விசாரித்து, யார்மேலும் வழக்குத் தொடரத் தேவையில்லை என்று முடித்தார். பிழை என்பதை ஏற்கிற எனக்கு, அந்தப் பிழைக்கு ஒருவர்கூடப் பொறுப்பில்லை என்பதை ஏற்கமுடியவில்லை.

மூடிமறைப்பு பற்றிக் கேட்டீர்கள். மறைத்தார்கள், உண்மை. அட்மிரல் கிட் தலைமையில் நடந்த விசாரணை ஒரு வாரத்தில் முடிந்தது. இஸ்ரேலுக்குப் போய் ஒருவரையும் விசாரிக்கவில்லை. தாக்கியவர்களின் குற்றத்தைத் தீர்மானிப்பது எங்கள் பொறுப்பல்ல என்று அந்த அறிக்கையே சொல்கிறது. விசாரணையின் சட்ட ஆலோசகராக இருந்த வார்ட் பாஸ்டன், 2004-ல், முடிவு மேலிடத்திலிருந்து வந்தது என்று பிரமாணம் எழுதிக்கொடுத்தார். மகோனகலுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை, வழக்கம்போல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கையால் கொடுக்காமல், கடற்படைத் தளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். பாராட்டுரையில் தாக்கியது எந்த நாடு என்றே இல்லை.

ஆனால் மறைத்தவன் எதை மறைத்தான் என்று கேட்கவேண்டும். வாஷிங்டனுக்குத் தன் பக்கத்திலேயே மறைக்க நிறைய இருந்தது. அமெரிக்கக் கப்பல்கள் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கின்றன என்று ஐ.நா.வில் தூதர் கோல்ட்பெர்க் சொல்லி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கப்பலின் வேலை ஒட்டுக்கேட்பது. 100 மைல் உத்தரவு போய்ச் சேராதது வெட்கக்கேடு. மத்தியதரைக் கடலில் இருந்த அமெரிக்காவின் ஆறாவது கடற்படையிலிருந்து உதவிக்குக் கிளம்பிய விமானங்களைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். முதல் அமெரிக்கக் கப்பல்கள் காயம்பட்டவர்களிடம் போய்ச் சேர்ந்தது மறுநாள் காலையில். இவற்றை மறைக்க இஸ்ரேலின் நோக்கம் எதுவும் தேவையில்லை.

ரஸ்க் நம்பவில்லை, சரி. உளவுத்துறைத் தலைவர் ஹெல்ம்ஸும் அட்மிரல் மூரரும் நம்பவில்லை. இவர்கள் பெரிய மனிதர்கள். ஆனால் பெரிய மனிதரின் அவநம்பிக்கை ஆவணமாகிவிடாது. அதே காலத்தில் எல்லா உளவுத் தகவலையும் பார்த்து அறிக்கை எழுதிய ஜனாதிபதியின் ஆலோசகர் கிளார்க் கிளிஃபோர்ட், மேலிடத்துக்குத் தெரிந்திருந்ததற்குச் சான்றில்லை என்றும், கடும் அலட்சியத்துக்கு இஸ்ரேல் பதில்சொல்லவேண்டும் என்றும் எழுதினார். என் நிலைப்பாடு ஏறக்குறைய அதுவே. இழப்பீடும் அந்த வழியிலேயே போனது: இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 1968-ல் சுமார் 33 லட்சம் டாலர், காயமடைந்தவர்களுக்கு 1969-ல் சுமார் 36 லட்சம், கப்பலுக்கு 1980-ல் 60 லட்சம் என்று பேசி முடித்தார்கள்.

என் கருத்தை மாற்ற எது வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். தாக்கிய விமானிகள் 'அமெரிக்கக் கப்பல்' என்று சொன்னதைப் பதிவில் படித்தோம் என்று முன்னாள் உளவுப் பணியாளர்கள் சிலர் பிற்பாடு சாட்சி சொன்னார்கள். அந்தப் பதிவு வெளிவரவில்லை. 2003-ல் தேசியப் பாதுகாப்பு முகமை வெளியிட்டவை, தாக்குதல் முடிந்தபின் வந்த ஹெலிகாப்டர்களின் பேச்சுகள். பிழைத்தவர்கள் அரபி பேசினால் எல் அரிஷுக்கும், ஆங்கிலம் பேசினால் டெல் அவிவ் பக்கத்து லோதுக்கும் கொண்டுபோ என்று அவற்றில் கட்டளை வருகிறது. அந்த நேரத்திலும் கரையில் இருந்தவர்களுக்கு அது யார் கப்பல் என்று தெளிவில்லை என்பதற்கு இது நல்ல சான்று. டார்பிடோ படகுகளின் அலைவரிசையில் 2.14-க்கும் 2.35-க்கும் இடையே பேசியது முழுதாகப் பதிவாகி எங்காவது இருந்து, அது வெளிவந்தால், தளபதி 2.20 உத்தரவைக் கேட்டாரா என்பது தெரிந்துவிடும். கேட்டபின்னும் டார்பிடோவை விட்டார் என்றால் அந்த 25 பேரின் சாவை நான் 'தவறுதல்' பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். அப்போதும் கோலானுக்கோ எல் அரிஷுக்கோ அதில் இடமிருக்காது. அது ஒரு படகுத் தளபதியின் குற்றமாகவே இருக்கும்.

அன்புடன்.